க்ளீனிங் முடிந்ததும் கேட்டு வாங்க வேண்டிய காகிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்போனோடு பேசும் பிரஷ், சொத்தையைத் தானே கண்டுபிடிக்கும் எக்ஸ்ரே மென்பொருள், வாய்க்குள் போய்ப் படமெடுக்கும் கேமரா என்று பல் பராமரிப்பின் புதுமைகள் பற்றிய செய்திகளும் விளம்பரங்களும் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அவற்றில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி உண்மைதான். ஆனால், மருத்துவமனை நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவர் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்ற விவரம் அவற்றில் இருப்பதில்லை. ஈறு நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் என்ற முறையில் அதை மட்டும் எழுதுகிறோம். கேட்டு வாங்க வேண்டியவற்றில் முதன்மையானது, ஈறை அளந்த எண்கள் எழுதிய ஒரு தாள். கொஞ்சம் நீளமான கடிதம்; பொறுத்தருள வேண்டும்.

'ஆறு மாதத்துக்கு ஒருமுறை க்ளீனிங்' என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்த மாதிரியான விதி இது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் பரிசோதனை என்பதை 2004-லேயே கைவிட்டது. பெரியவர்களை அவரவர் நோய் அபாயத்தைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரையிலான இடைவெளியிலும், 18 வயதுக்குட்பட்டவர்களை 3 முதல் 12 மாத இடைவெளியிலும் அழைத்துப் பார்க்கலாம் என்பது அதன் வழிகாட்டுதல். சொத்தையும் இல்லை, ஈறில் ரத்தமும் இல்லை, புகையும் இல்லை என்றால் இரண்டு வருடம் வரைகூட இடைவெளி விடலாம். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும் ஈறு நோய்க்குச் சிகிச்சை எடுத்தவரையோ மூன்று மாதத்திலேயே அழைக்க வேண்டியிருக்கலாம். இந்த இருவரையும் பிரித்துக் காட்டுவது எந்தக் கேமராவும் அல்ல. ஒரு மெல்லிய அளவுகோலும் அதில் எடுத்த எண்களும்தான்.

அந்த அளவுகோலுக்குப் பெயர் புரோப். மொட்டை முனை, உடம்பில் மில்லிமீட்டர் கோடுகள், சில வகைகளில் 15 வரை. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் இதை 20 முதல் 25 கிராம் எடைக்குச் சமமான அழுத்தத்தில் இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் நடத்திக்கொண்டே போக வேண்டும். கன்னப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் மூன்று என ஒரு பல்லுக்கு ஆறு இடங்களில் ஆழம் குறிக்கப்படும். ஞானப் பற்களை விட்டுவிட்டால் 28 பல், 168 எண்கள். 1 முதல் 3 மி.மீ. வரை நலம். 4 என்றால் கவனிக்க வேண்டும். 5-ம் அதற்கு மேலும் வந்து, ரத்தமும் கசிந்தால் வீட்டு பிரஷ் அங்கே எட்டாது. புரோபை எடுத்த அரை நிமிடத்துக்குள் எங்கெல்லாம் ரத்தம் எட்டிப்பார்க்கிறதோ அந்த இடத்துக்கும் ஒரு புள்ளி வைப்பார்கள். 168-ல் 42 இடத்தில் ரத்தம் என்றால் 25 சதவீதம். 10-க்குக் கீழே இருந்தால் நல்ல ஈறு. 30-ஐத் தாண்டினால் வாய் முழுக்க அழற்சி.

பழக்கமான கைகளுக்கு இதெல்லாம் பத்துப் பதினைந்து நிமிட வேலை. அந்த நிமிடங்கள்தான் பல இடங்களில் கிடைப்பதில்லை. 'காரை நிறைய இருக்கு, க்ளீன் பண்ணிடலாம்' என்பதோடு வேலை தொடங்கிவிடுகிறது. இரத்தப் பரிசோதனை செய்யாமல் சர்க்கரை மாத்திரையின் அளவை முடிவு செய்வதைப் போன்றது இது.

இந்த எண்கள் சொல்லும் கதை ஆளுக்கு ஆள் எப்படி மாறும் என்பதற்கு ஒரு கணக்கு. ஈறு நோய்களுக்கு அமெரிக்க, ஐரோப்பிய அமைப்புகள் சேர்ந்து 2017-ல் கூடி வகுத்து, 2018-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் நோயின் வேகத்தை அளக்க ஒரு எளிய வகுத்தல் உண்டு. எக்ஸ்ரேயில் அதிகமாக எலும்பு கரைந்த பல்லில் அது எத்தனை சதவீதம் கரைந்திருக்கிறது என்று பார்த்து வயதால் வகுக்க வேண்டும். 0.25-க்குக் கீழே மெதுவான வகை, 1-ஐத் தாண்டினால் வேகமான வகை, இடைப்பட்டது நடுத்தரம். 60 வயதுக்காரருக்கு 50 சதவீதம் கரைந்திருந்தால் 0.83. அதே 50 சதவீதம் 40 வயதுக்காரருக்கு என்றால் 1.25. இரண்டு எக்ஸ்ரேயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் முதலாமவர் இந்தப் பற்களோடு காலத்தை ஓட்டிவிடலாம். இரண்டாமவருக்கு அவகாசம் இல்லை. இதன்மேல் இரண்டு திருத்தங்கள் உண்டு: நாளுக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ புகைப்பவரும், மூன்று மாதச் சர்க்கரை சராசரியான ஹெச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் உள்ளவரும் நேராக வேகமான வகைக்குப் போய்விடுவார்கள். தனிநபருக்கேற்ற சிகிச்சை என்று பெரிய வார்த்தையில் சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான்.

கணினி இங்கே உண்மையிலேயே உதவும். எண்களைத் திரையில் ஏற்றி, போன முறையோடு இந்த முறையை மேலும் கீழுமாக வைத்துப் பார்ப்பது காகிதத்தில் சிரமம். மருத்துவர் வாயால் 'மூணு, ரெண்டு, அஞ்சு' என்று சொல்லச் சொல்லத் தானே பதியும் மென்பொருள்களும் வந்துவிட்டன. அவற்றில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று: ஏற்கெனவே பிடுங்கிய பல்லை முதலிலேயே 'இல்லை' என்று குறிக்காவிட்டால், அங்கிருந்து வரும் எண்களெல்லாம் ஒரு பல் தள்ளிப் போய் உட்கார்ந்துவிடும். நோயுள்ள பல் நலமாகவும், நல்ல பல் நோயுள்ளதாகவும் தெரியும். உறிஞ்சு குழாயின் சத்தத்தில் எண்ணைத் தவறாகக் கேட்பதும் உண்டு. ஆகவே முடிந்ததும் ஆழமான இடங்களை மட்டுமாவது ஒருமுறை திரும்ப அளந்து சரிபார்க்க வேண்டும்.

எண்கள் எடுத்தாயிற்று. அடுத்தது மாத்திரைச் சீட்டு. பல் டாக்டருக்கு எதற்கு பிரஷர் மாத்திரையின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்க வைத்துப் பல்லின் மேல் ஏறச் செய்யும். வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயினும் அப்படியே. அதைக் கவனிக்காமல் க்ளீனிங் மட்டும் செய்துகொண்டிருந்தால் ஈறு திரும்பத் திரும்பத் தடிக்கும். அலர்ஜி மாத்திரைகளும் மனச்சோர்வு மாத்திரைகள் பலவும் எச்சிலை வற்ற வைக்கும். எச்சில் குறைந்தால் ஈறு இறங்கிய வேர்ப் பகுதியில் சொத்தை வேகமாக வரும். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். மெழுகுத் துண்டு ஒன்றை ஐந்து நிமிடம் மென்று, ஊறும் எச்சிலையெல்லாம் அளவுக் குவளையில் துப்ப வேண்டும். நிமிடத்துக்கு 1 மி.லி. அல்லது அதற்கு மேல் வந்தால் சாதாரணம். ஐந்து நிமிடத்தில் மூன்றரை மி.லி. கூடத் தேறவில்லை என்றால் குறைவு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் க்ளீனிங்குக்காக அதைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. செயற்கை இதய வால்வு வைத்தவர்கள் முன்கூட்டியே சொன்னால்தான், கைவைப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் கொடுக்க முடியும்.

இனி க்ளீனிங். பல்லின் மேல் முதலில் படிவது மிருதுவான கிருமிப் படலம், பிளாக் என்கிறோம். துடைக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அதில் இறங்கி, சில நாட்களில் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் காரையாக இறுகும். கீழ் முன்பற்களின் உள்பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கமும் காரைக்குப் பிரியமான இடங்கள். காரணம், எச்சில் சுரப்பிகளின் வாய்க்கால்கள் அங்கேதான் திறக்கின்றன. 'எங்க ஊர் உப்புத் தண்ணிதான் காரணம்' என்று தண்ணீரின் மேல் பழி போடுவது வழக்கம். காரையின் முதன்மையான மூலப்பொருள் அவரவர் எச்சில்தான்.

பழைய முறையில் கண்ணுக்குத் தெரிந்த காரையைச் சுரண்டிவிட்டு, கடைசியில் பேஸ்ட் போட்டுப் பாலிஷ் செய்வார்கள். இப்போது வரிசை மாறியிருக்கிறது. முதலில் சாயம். இரண்டு நிறச் சாயத்தைப் பூசினால் புதுப் படலம் சிவப்பாகவும், ஓரிரு நாள் பழையது நீலமாகவும் தெரியும். நோயாளியின் கையில் கண்ணாடியைக் கொடுத்து, எங்கே தவறவிடுகிறார் என்று காட்ட இதைவிடச் சிறந்த வழி கிடையாது. அரை மணி நேர அறிவுரை செய்யாததை அந்த நீலக் கறை செய்துவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரோடு நுண்பொடியைக் காற்றில் பீய்ச்சிப் படலத்தை எடுப்பார்கள். மிச்சமிருக்கும் கெட்டிக் காரைக்கு மட்டும் கடைசியில், அதிர்வால் அதை உடைக்கும் அல்ட்ராசோனிக் கருவி.

இதில் பொடிதான் முக்கியம். எரித்ரிட்டால் பொடியின் துகள் 14 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அளவு, கிளைசீன் 25. இவை ஈறுக்குக் கீழும் போகலாம். சோடியம் பைகார்பனேட் துகள் 40 முதல் 65 மைக்ரான் வரை இருக்கும். வெற்றிலை, டீ, சிகரெட் கறைக்கு நல்லது என்றாலும் எனாமலைத் தாண்டி வேர்ப் பரப்பில் பட்டால் அரித்துவிடும். ஆகவே ஈறு இறங்கியவர்கள் 'எந்தப் பொடி?' என்று கேட்பதில் தவறில்லை. முனையைப் பல்லிலிருந்து 3 முதல் 5 மி.மீ. தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். ஈறையோ கன்னத்தையோ நோக்கிப் பீய்ச்சினால் காற்று திசுக்களுக்குள் புகுந்து முகம் வீங்கும். அபூர்வம்தான், ஆனால் நடப்பது. ஆஸ்துமா போன்ற மூச்சுச் சிக்கல் உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட வேண்டும்.

அல்ட்ராசோனிக் கருவியில் யாரும் பேசாத விஷயம் அதன் முனைத் தேய்மானம். முனை 1 மி.மீ. தேய்ந்தால் திறன் ஏறத்தாழ கால்வாசி போய்விடும், 2 மி.மீ. என்றால் பாதி. அப்போதே தூக்கிப் போட வேண்டும். அளந்து பார்க்க உற்பத்தியாளர்களே ஒரு அட்டை தருகிறார்கள். தேய்ந்த முனையை வைத்துக்கொண்டு வேலை செய்பவர் தன்னையறியாமல் கையை அழுத்துவார், கருவியின் வேகத்தைக் கூட்டுவார். நோயாளிக்குக் கூச்சமும் வலியும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். முனையின் பக்கவாட்டுப் பகுதிதான் பல்லின் மேல் ஏறக்குறைய இணையாகப் படிய வேண்டும். கூரான நுனியைக் குத்தலாக வைத்தால் பல்லில் கோடு விழும். இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) பொருத்தியவர்களுக்குச் சாதாரண உலோக முனை கூடாது, பிளாஸ்டிக் உறையிட்டது வேண்டும்.

'க்ளீனிங் செய்தால் பல் ஆடிவிடும்' என்ற பயம் இன்னும் போகவில்லை. அதற்கு அடிப்படையே இல்லை என்று சொல்லிவிட முடியாது; நோயாளி உணர்வது உண்மை, காரணம்தான் வேறு. பல வருடக் காரை இடுக்குகளில் சிமென்ட் பூசினாற்போல் அடைத்து, பற்களை ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கும். அடியில் எலும்பு எப்போதோ கரைந்திருக்கும். காரை போனதும் ஆட்டம் வெளியே தெரியும். ஈறு வீக்கம் வற்றியதும் இடுக்கும் தெரியும். முன்பே எண்களை எடுத்துக் காட்டியிருந்தால் இந்தச் சண்டையே வராது. வேர்க் கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் தணியும். திரும்ப அளப்பதற்கு ஆறு முதல் எட்டு வாரமாவது பொறுக்க வேண்டும். அதற்கு முன் புரோபை இறக்கினால் ஆறிக்கொண்டிருக்கும் திசு கிழியும்.

படமெடுக்கும் கருவிகளுக்கு வருவோம். வாய்க்குள் கேமரா, பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட நல்லது. ஒளியைப் பாய்ச்சிச் சொத்தை பார்க்கும் லேசர் கருவி 0 முதல் 99 வரை ஒரு எண்ணைக் காட்டும். பல்லின் பள்ளத்தில் டீக்கறையோ காரையோ இருந்தாலும் எண் ஏறும். நன்றாகச் சுத்தம் செய்து உலர்த்திய பிறகு எடுத்த எண்தானா என்று கேளுங்கள். அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து 'உடனே அடைக்கணும்' என்றால் இன்னொருவரிடமும் கேட்பது நல்லது. எக்ஸ்ரேயில் சொத்தையையும் எலும்பு மட்டத்தையும் குறித்துக் காட்டும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களுக்கு, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க எஃப்.டி.ஏ. 2021 முதல் அனுமதி தந்துவருகிறது. மருத்துவருக்குத் துணையாகத்தான், அவருக்குப் பதிலாக அல்ல. படம் எடுத்த கோணம் தப்பி இரு பற்களின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் மென்பொருளும் ஏமாறும். பல்லின் கழுத்துப் பகுதியில் இயல்பாகவே விழும் கருப்பு நிழலைச் சொத்தை என்று குறிப்பதும் உண்டு. மேலும், எக்ஸ்ரே காட்டுவது ஏற்கெனவே போய்விட்ட எலும்பை. இன்று அங்கே நோய் விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்பதை ரத்தக் கசிவுதான் சொல்லும்.

வீட்டில் என்ன? மின் பிரஷ்கள் சாதாரண பிரஷ்களைவிட மேல் என்பதற்கு ஆதாரம் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2014 ஆய்வுத் தொகுப்பின்படி, மூன்று மாதத்துக்கு மேல் பயன்படுத்தும்போது கிருமிப் படலம் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் கூடுதலாகக் குறைகின்றன. வித்தியாசம் இருக்கிறது, மலையளவு இல்லை. கையில் பழைய பழக்கம் போகாமல் மின் பிரஷையும் முன்னும் பின்னும் தேய்ப்பவர்களுக்கு அந்த வித்தியாசமும் கிடைக்காது. ஒவ்வொரு பல்லாக, ஈறு ஓரத்தில் சும்மா பிடித்து நிறுத்தி, இரண்டு விநாடி கழித்து அடுத்ததற்கு நகர்த்த வேண்டும். தேய்க்கும் வேலை அதனுடையது. இதில் பணம் கொடுத்து வாங்கத் தகுந்த வசதிகள் இரண்டு: அழுத்தினால் எச்சரிக்கும் விளக்கு, இரண்டு நிமிடக் கடிகாரம். செல்போன் செயலி காட்டும் 'நூறு சதவீதம்' என்பது பிரஷ் எங்கெல்லாம் போனது என்ற அனுமானம்தான். படலம் போய்விட்டதா என்று அதற்குக் கண் கிடையாது.

அழுத்தம் பற்றி ஒரு சோதனையை இன்றே செய்யலாம். சமையலறையில் இருக்கும் டிஜிட்டல் தராசின்மேல் பிரஷை வைத்து, வழக்கமாகத் தேய்ப்பது போல அழுத்திப் பாருங்கள். 150 கிராம் போதும். 400, 500 என்று ஓடினால் ஈறு ஏன் இறங்குகிறது, கழுத்துப் பகுதி ஏன் குழிகிறது என்பதற்குப் பதில் கிடைத்துவிட்டது. உமிக்கரி, செங்கல்பொடி, கொரகொரப்பான பல்பொடி இவற்றோடு இந்த அழுத்தமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

பல்லிடுக்குக்கு எந்த பிரஷும் போகாது. ஊக்கும் ஈர்க்குச்சியும் மாட்டிய உணவைத்தான் எடுக்கும், படலத்தை எடுக்காது, ஈறையும் கிழிக்கும். இடுக்கு திறந்திருப்பவர்களுக்கு இடுக்கு பிரஷ், நெருக்கமான பற்களுக்கு நூல். ஒரே வாய்க்குள் முன்னால் ஒரு அளவும் கடைவாயில் வேறு அளவும் வேண்டியிருக்கும். இரண்டு மூன்று அளவுகள் சாதாரணம். நாருக்கு லேசான பிடிப்பு இருக்க வேண்டும், நடுக்கம்பி பல்லில் உரசக் கூடாது. நிறத்தை வைத்து வாங்காதீர்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். தண்ணீர் பீய்ச்சும் கருவி, கம்பி கட்டியவர்களுக்கும் இம்பிளான்ட் உள்ளவர்களுக்கும் நல்ல துணை. ஒட்டிய படலத்துக்கு அது மட்டும் போதாது. குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு மருந்தை இரண்டு வாரத்துக்கு மேல் தாமாகத் தொடர்ந்தால் பல் பழுப்பாகும்; பேஸ்ட்டுக்கும் அதற்கும் இடையே அரை மணி நேரமாவது இருக்கட்டும்.

பேஸ்ட்டிலும் ஆளுக்கேற்ற கணக்கு உண்டு. இந்தியாவில் விற்கும் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கை)த் தாண்டக் கூடாது என்பது விதி. மூலிகை பேஸ்ட்டுகள் பலவற்றில் அது துளியும் இல்லை. அடிக்கடி சொத்தை வரும் வாய்க்கு அது பொருந்தாது. மறுபக்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது குடிநீருக்கு ஏற்ற அளவு. இன்னும் ஆழ்துளைக் கிணற்றை நம்பும் வீடுகளில் தண்ணீரைப் பரிசோதித்துவிட்டு, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசி மணி அளவும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் மட்டும் பேஸ்ட் வைத்து, விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். பெரியவர்கள் துப்பிவிட்டு வாயை மடமடவென்று கொப்பளிக்காமல் விடுவது நல்லது.

கடைசியாக ஒரு கோரிக்கை. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. சர்க்கரை ஈறைக் கெடுக்கிறது. கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றுகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை அளித்தால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 அளவு குறைகிறது என்று 2022-ல் வந்த காக்ரேன் தொகுப்பு கூறுகிறது. வீட்டுக்கு வரும் பணியாளர் புரோப் பிடிக்க வேண்டியதில்லை. பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா, பல் ஆடுகிறதா, முன்பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுந்திருக்கிறதா என்ற மூன்று கேள்விகள் போதும். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு ஒரு சீட்டு. அங்கே 168 எண்களையும் எடுத்து, தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் நோயாளியின் கையிலேயே கொடுத்து அனுப்ப வேண்டும். தனியார் மருத்துவமனைகளிலும் வாசகர்கள் க்ளீனிங் ரசீதோடு இந்தத் தாளையும் கேட்டு வாங்கலாம். எடுக்கவில்லை என்றால் அடுத்த முறை எடுக்கச் சொல்லலாம். சர்க்கரை நோயாளிகளின் குறிப்பேட்டில் ஹெச்பிஏ1சி எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில் 'ஈறில் ரத்தக் கசிவு — சதவீதம்' என்று இன்னொரு கட்டம் அச்சிடச் சுகாதாரத் துறை முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஈறு நோய் சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் சிலர்,
மதுரை.